ஆடு, மாடு, மூன்றடைப்பு

இரவல் வாயில சொந்த வெத்திலை போடக் கூடாது தம்பி, போட்டால்… போட்டால் என்ன? அதற்கு மேல் நயினாருக்கு வரவில்லை. சீமையில், லெஸ்டர் ஊரின் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஓய்வு பெறுகிற நாளன்று, யாழ்ப்பாணத்து நவரத்தினம் ஐயா மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னது. ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிற தமிழர்கள் இருபது பேர், காகிதத் தட்டில் வடையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள், கை தட்டினார்கள், வாக்கியத்தின் பின்பாதி அந்தக் கைதட்டலுக்குள் போய்விட்டது. அல்லது காதில் விழுந்து, பதினைந்து வருஷத்தில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. பதினைந்து. எதை நினைத்தாலும் அந்த எண்ணில் போய் முட்டுகிறது இன்றைக்கு. மதுரையில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் இரண்டாவது மாடியில், துளை துளையாகப் போட்ட ஸ்டீல் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஓர் அட்டை, அட்டையில் நாலு பக்கச் சம்மதப் படிவம், கையில் மூடி கழற்றாத பேனா. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது ஐம்பது. பத்தரைக்கு அண்ணனை உள்ளே கொண்டுபோகிறார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டாயிற்று, பூதலிங்கம் என்ற பெயர் கோட்டை விட்டுச் சரிந்து, கடைசி எழுத்து காகித ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அண்ணி உலகம்மாள் போட்டாயிற்று. கடைசிக் கட்டம்தான் காலி. மேற்கண்டவற்றையும், நோயாளியிடம் கேட்டவற்றையும் அவர் சொன்னவற்றையும், கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே புள்ளிக்கோடு. இந்த மாதிரிக் கோட்டில் இருபத்திரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டவன் அவன். பஸ்ஸில் ஏறியதும் கம்பியைப் பிடிக்கிற மாதிரி, நினைக்காமல் போடுகிற கையெழுத்து. கூட்டாமல். குறைக்காமல்.

காலை எட்டு மணிக்கு நடந்ததை அவன் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான், எந்த இடத்தில் வண்டி தடம் மாறியது என்று தெரியவேண்டும் போல. சின்ன டாக்டர் வந்தார், சைக்கியா, அஸ்ஸாம்காரர், மதுரைக்கு வந்து மூன்று வாரம், 'வலி இருக்கா', 'சாப்பிட்டாச்சா' என்ற இரண்டைத் தவிரத் தமிழ் கிடையாது. மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை, பெரிய விஷயமில்லை, ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்கிறார் என்று எண்ணவேண்டும், அவ்வளவுதான் என்றார். பத்துக்குக் கீழே போனால் கவலைப்படவேண்டும், பதினைந்து தொட்டால் கவலை இல்லை. கேட்டுவிட்டுச் செல்போனில் நிமிஷத்தை ஓடவிட்டார். நயினார் சரியாகத்தான் சொன்னான், அண்ணே, தெரிஞ்ச மிருகம் எல்லாத்தையும் வரிசையாச் சொல்லச் சொல்லுதாவ. அண்ணன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஆடு என்றான். மாடு. நாய். பூனை. பிறகு வாயைத் திறந்தபடியே இருந்தான். சுவரைப் பார்த்தான். டாக்டருக்குப் பின்னால் நின்ற அண்ணி முகத்துக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டுத் தும்பிக்கை ஆட்டினாள், அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தான், பெயர் வரவில்லை. ஆடு, என்றான் மறுபடி. நயினார் அதைச் செம்மறி ஆடு என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதுதான் அந்த இடம். அதில் தப்பு ஒன்றும் பெரிதாக இல்லையே, ஆட்டில் செம்மறியும் உண்டு வெள்ளாடும் உண்டு, எந்த ஆடு என்று அண்ணன் சொல்லவில்லை. அடுத்தாற்போல் அண்ணனின் முகம் தெளிந்தது, கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது, குரல் பஸ் ஸ்டாண்டு மைக்கில் வருவது போலக் கட்டையாகி மூக்குக்குள் ஏறி, வடசேரி, என்றான். ஆரல்வாய்மொழி. முப்பந்தல். காவல்கிணறு. பணகுடி. நயினாரின் நாக்கு, அவனைக் கேட்காமல், புலி என்றது. யானை. மான். முயல். எருமை. வள்ளியூர், நாங்குநேரி என்று அண்ணன் போக, குதிரை, கழுதை என்று தம்பி பின்னாலேயே போனான். மூன்றடைப்பு என்றபோது கரடி. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, அதற்கும் இரண்டு. கடைசியில் அண்ணன் இரண்டு கையையும் தட்டி, ஜங்ஷன், எல்லாரும் எறங்குங்க, என்று முடித்தான். சைக்கியா தலையைத் தூக்கினார். ஜங்ஷன் என்றாரா? ஆமாம் டாக்டர், முடிந்துவிட்டது என்கிறார். சைக்கியா சிரித்தார், பதினைந்து, ரொம்ப நல்லது, என்று எழுதிக்கொண்டு போனார். அண்ணி சேலைத் தலைப்பால் அண்ணனின் நெற்றியைத் துடைத்துவிட்டு, பாஸா தம்பி, என்று கேட்டாள். பாஸ் அண்ணி. நயினாரும் சிரித்தானே, அப்போது சிரித்தானே, அது எப்படி? மாரில் குத்துப் பட்டது போன்ற அந்த அதிர்ச்சி அப்போது வரவில்லை. ஒன்றரை மணிநேரம் கழித்து இந்தப் படிவத்தின் கடைசி வரியைப் படித்தபோதுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

பெரிய டாக்டர் செண்பகம் நேற்று மாலை ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தாள். இது கல்லீரல். குடலிலிருந்து வர்ற ரத்தம் எல்லாம் இதுக்குள்ள போய்ச் சுத்தமாகித்தான் இருதயத்துக்குப் போகணும். இது கல்லாட்டம் இறுகிப் போச்சு, ரத்தம் உள்ள போகமுடியாம முட்டி நிக்குது, பக்கத்துக் குழாய் எல்லாம் வீங்கி உணவுக்குழாயில வெடிக்குது, அதான் வாந்தி. ரெண்டு தடவை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியாச்சு, மறுபடி கசியுது. கழுத்து ரத்தக்குழாய் வழியா இறங்கி, கல்லீரலுக்குள்ளேயே ஒரு வழி போட்டு, முட்டி நிக்கிற ரத்தத்தை நேரா அந்தப் பக்கம் விட்டுருவோம். வழி மூடாம இருக்க ஸ்டென்ட் வைக்கணும், வலைக்குழாய். முன்னாடி வெறும் கம்பி வலை, வலைக்கண்ணு வழியா சதை வளந்து ஒரு வருஷத்துல அடைச்சுக்கும். இப்ப உறை போட்டது வந்திருக்கு, கம்பிக்கு மேல மெல்லிசாச் சவ்வு மாதிரி, சதை உள்ள வரமுடியாது. அடையாது. ஊரில் பைபாஸ் ரோடு போட்ட மாதிரின்னு வச்சுக்கோங்க, என்றாள் அண்ணனைப் பார்த்து. அதுவரை போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணன், அப்ப ஊருக்குள்ள வண்டி வராது, என்றான். டாக்டரம்மா சிரித்துவிட்டாள், ஐயா சரியாப் பிடிச்சுட்டாரு பாருங்க, அதுதான் இதுல ஒரே சிக்கல். ஊருக்குள்ள போகாத ரத்தம் சுத்தமாகாமலே மூளைக்குப் போகும், மூணுல ஒருத்தருக்குக் குழப்பம் வரும், மருந்துல பாத்துக்கலாம், ஆனா ஏற்கெனவே குழப்பம் இருக்கிறவங்கன்னா நாங்க ரொம்ப யோசிப்போம், குழாயைச் சின்னதா வைக்கறதா, வேண்டவே வேண்டாமான்னு. வீட்ல எப்பவாவது தடுமாறிப் பேசினாரா, பகல்ல தூங்கி ராத்திரி முழிக்கிறாரா? அண்ணி சட்டென்று சொன்னாள், முப்பது வருஷம் ஷிப்ட் பாத்த ஒடம்பு டாக்டரம்மா, எப்பத் தூங்கும் எப்ப முழிக்கும்னு அதுக்கே தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும். அடையாது என்ற சொல் நேற்று எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது, வெயிலில் நின்றவனுக்கு மோர் கொடுத்த மாதிரி. இப்போது அதையே நாக்கில் புரட்டிப் பார்த்தால் வேறு ருசி. அடையாது. உள்ளே போகிற விஷமும் அடையாமல் போகும். நாளை, மறுநாள், அடுத்த வருஷம், திறந்தே கிடக்கும். பழைய கம்பியென்றால் கல்லீரல் தானே தன் தப்பைத் திருத்திக்கொண்டு கதவைச் சாத்தியிருக்குமோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. சாத்தினால் ரத்தம். திறந்தால் இருட்டு.

ரத்தம். அதை எப்படி மறக்கிறது? பன்னிரண்டு நாளுக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு, வள்ளியூர் வீட்டின் பின்கட்டில் அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். ஓங்கரிக்கிற சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவனுக்கு முதலில் விளங்கவே இல்லை, யாரோ பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. நீல பிளாஸ்டிக் வாளியில் பாதிக்கு மேல். துணி துவைக்கிற கல்லில் கட்டி கட்டியாக. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு, இது எங்குள்ளதுடே, என்று கேட்டான், வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைக் கேட்கிற மாதிரி. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை அவன், முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர், டெப்போவில் தீபாவளிக்கு எல்லோரும் ஊற்றிக்கொள்ளும்போது கலர் சோடாவைக் குடித்துவிட்டு வருகிறவன். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே கல்லீரலைக் கல்லாக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள், ஊர் நம்பவில்லை. டைம்கீப்பர் இத்தனை வருஷம் நமக்குக் காட்டாமல்லா அடிச்சிருக்காரு என்று ஆஸ்பத்திரிக்கே வந்து ஒரு கண்டக்டர் சிரித்தார், அண்ணனும் கூடச் சிரித்தான். வாளி. அடுத்த தடவை இங்க வந்து சேருவாரான்னு என்னால சொல்லமுடியாது என்றாள் டாக்டரம்மா. அப்படியானால் நான் செய்தது சரிதானே? வாளியைப் பார்த்தவன் செய்வான். பதினைந்து மிருகமென்ன, கேட்டால் காடு முழுக்கச் சொல்வான். சரி என்று சொல்லிப் பேனாவின் மூடியைக் கழற்றினான். புள்ளிக்கோட்டில் முனை தொட்டது, ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது, மற்றப் புள்ளிகளைவிடப் பெரிதாக. மூடியை மாட்டினான்.

ஏனென்றால் வாளிக்கு முன்னால் வேறு விஷயங்கள் இருந்தன. அவன் ஊர் திரும்பி எட்டு மாசம், அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறான், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன். சித்திரையில் ஒரு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிறது, அண்ணன் வாசல் கேட்டில் நின்றுகொண்டு வெறும் தெருவைப் பார்த்து வலது கையைத் தூக்கி நிறுத்தச் சைகை காட்டிக்கொண்டிருந்தான். மூணு அஞ்சு நாகர்கோவில் வண்டி இன்னும் உள்ள வரலைடே, பைபாஸ்லயே போயிட்டானா எவனும்? அது எட்டு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய வண்டி. நயினார் என்ன சொன்னான்? வந்துரும்ண்ணே, டிரைவர் டீ குடிக்கான் என்றான். அண்ணன் திருப்தியாக உள்ளே வந்துவிட்டான். அதுவும் மொழிபெயர்ப்புத்தான், இப்போது தெரிகிறது, அண்ணனின் நோயை அண்ணனின் குணமாக மொழிபெயர்த்தது. சாம்பாரில் சர்க்கரை போட்டால் வயசு. கையெழுத்துச் சரிந்தால் கண்ணாடி மாற்றவேண்டும். பகலெல்லாம் தூங்கினால் ஷிப்ட் உடம்பு. வேறு எந்த வீடாக இருந்தாலும் மூன்றாம் நாளே என்ன இது என்று கேட்டிருப்பார்கள். டைம்கீப்பர் வீட்டில் நேரம் தப்பிக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லையா?

லெஸ்டரில் ஒருமுறை ஒரு மகன், பெரிய படிப்புப் படித்தவன், வராந்தாவில் நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான், அம்மாவுக்குப் புற்று என்ற சொல் மட்டும் வேண்டாம் அண்ணா, வேற ஏதாவது சொல்லுங்கோ. நயினார் கையை விடுவித்துக்கொண்டு, நான் வெறும் குழாய் தம்பி, இந்தப் பக்கம் வாறது அந்தப் பக்கம் போகும், என்றான். எவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னான். அந்த அம்மாள் புற்று என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, அதுதானே பாத்தன், என்று மட்டும் சொன்னாள், மகன்தான் அழுதான். அன்றைக்கு அந்த மகனை உள்ளுக்குள் இளக்காரமாகப் பார்த்தது இப்போது காதுமடலைச் சுடுகிறது. வெறும் குழாய். உள்ளே எத்தனை சதை வளர்ந்து கிடக்கிறது. அண்ணன் என்றால் ஒரு குரல்தானே எப்போதும்; பாளையங்கோட்டை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை ஏற்றிவிட்டு, அண்ணன் டைம்கீப்பர் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து மைக்கைத் திறப்பான். வடசேரியிலிருந்து வந்து ஜங்ஷன் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது, நாங்குநேரி, மூன்றடைப்பு, பாளையங்கோட்டை, ஏலே நயினா வெயில் பக்கம் உக்காராத, பயணிகள் கவனிக்கவும். பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். கிளை மேலாளர் இரண்டு முறை மெமோ கொடுத்தார். அண்ணன் நிறுத்தவில்லை. அந்தப் பட்டியலைத்தான் இன்று காலை கரடி என்றேன், கழுதை என்றேன். அவன் மிருகம் சொல்லவில்லை, வழி சொன்னான், எங்கேயோ அவனுக்கு வழி தெரியாமல் போன இடத்தில் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு நடந்தான், நான் அதைக் காடாக்கிவிட்டேன்.

தம்பி, என்றாள் அண்ணி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, திருநீற்றை அவன் நெற்றியில் பூசிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விரலில் சூடத்தின் வாசம். மணி பத்து பத்து. மார்க் எவ்வளவுன்னு எழுதினாரு அந்தப் பிள்ளை? பதினஞ்சு, அண்ணி. ஆத்தாடி, எட்டாங்கிளாஸ் கணக்குலகூட அவுக இவ்வளவு வாங்கினது கெடையாதே, என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரிப்பு நின்றது. கடிகாரத்தைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள், ஆமா, மூணடைப்புக்கு என்ன சொன்னீய? அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் புருஷன் சொன்னது ஊர்ப் பெயர் என்று தெரியும், அதை எண்ணிக்கொண்டார்கள் என்றும் தெரியும், பின்னால் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கரடின்னு சொன்னேன், என்றான். கரடியா, என்றாள். தோள் குலுங்கியது, முதலில் சிரிப்பு என்று நினைத்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், இருக்கட்டும். கரடியாவே இருக்கட்டும். எனக்கு ஆளு இருந்தாப் போதும் தம்பி. புத்தி பெரண்டாலும் நான் பாத்துக்கிடுதேன், சோறு ஊட்டிவிடுதேன், கேட்ட வண்டி எல்லாம் வந்துட்டுன்னு சொல்லுதேன். அந்த வாளிய மட்டும் இன்னொருக்க என்னால கழுவ முடியாது. நீங்க போட்டுருங்க. அவள் கை அவன் முழங்கை மேல் இருந்தது, எடை இல்லாத கை. அவள் சொல்வதில் என்ன தப்பு? தெரிந்துதான் கேட்கிறாள், மூன்றில் ஒன்று என்பதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கத்தி பிடிக்கிறவளுக்குத் தெரியாது. குழாய் எட்டு மில்லிமீட்டரா பத்தா என்று உள்ளே நின்று அளக்கப்போகிறவள் பதினைந்தை நம்பி அளப்பாள். சொன்னால்? தள்ளிப் போடலாம். வேண்டாம் என்று மறுபடி வளையத்தைக் கட்டி அனுப்பலாம், ஒரு காலையில் மறுபடி வாளி. சொல்லாவிட்டால் வாசல் கேட்டில் கை தூக்கி நிற்கிறவன் ஒரு நாள் திரும்பி, நீ யாருடே, என்று கேட்கலாம். இரண்டில் ஒன்றை நான் ஒரு நிமிஷத்துக்குள், அவன் வாயை வைத்துக்கொண்டு, முடிவு பண்ணிவிட்டேன். அவனைக்கூடக் கேட்கவில்லை. ஊருக்குள்ள வண்டி வராது என்று அவன் சொன்னது சம்மதமா, புகாரா?

தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. பத்து பதினெட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணன் பச்சைத் துணிக்குள் மெலிந்து கிடந்தான், கழுத்தில் வலப்பக்கம் பேனாவால் ஒரு குறி. விடியற்காலையில் கொஞ்சம் கசிந்திருக்கிறது போல, நர்ஸ் துடைத்தும் போகாமல் உதட்டு ஓரத்தில் காய்ந்த சிவப்பு. இரண்டு உதட்டிலும், வெற்றிலை போட்டவன் மாதிரி. ஒருநாளும் வெற்றிலை போட்டதில்லையே அவன். மண்டபம், காகிதத் தட்டு, வடை, கைதட்டல், கைதட்டலுக்கு நடுவே நவரத்தினம் ஐயாவின் கரகரத்த குரல், போட்டால், சிவக்கிறது அவன்ட உதடுதான். அண்ணி எழுந்து ஓடி, எச்சில் தொட்ட முந்தானையால் அந்தச் சிவப்பைத் துடைத்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், நடைபாதையின் நீளத்தைப் பார்த்தான். வண்டி கரெக்ட் டைமா, என்று கேட்டான். பன்னிரண்டு நிமிஷம் முன்னால வந்துட்டுண்ணே, என்றான் நயினார். முன்னால வந்தா நிப்பாட்டி வைக்கணும், எடுக்கக் கூடாது, என்றான் அண்ணன், கண்ணை மூடிக்கொண்டான். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே டாக்டர் செண்பகம் எக்ஸ்ரே படாமலிருக்கப் போடுகிற ஈயக்கவசத்தின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி, என்றாள் அண்ணி ஒருமுறை.

நயினார் அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் டாக்டரிடம் சொன்னான்: அண்ணன் சொன்னது நாலு மிருகம்தான், மிச்சம் பதினொன்றும் நான் சொன்னது.